நூறு பொத்தான் கணக்கு

எங்கள் மருத்துவமனையின் மதிப்பீட்டுப் பிரிவு தரைத்தளத்தில், மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் அரைவட்டமாக ஒரு ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் நான். அறுவைச் சிகிச்சைக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு கொடுக்கும், குடும்பத்தின் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வாங்குகிறவர்கள் அதன் கடைசி வரியை மட்டும்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டு நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் ஒரு குறை. விஷயமெல்லாம் மேலே உள்ள வரிகளில்தானே இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவர் முதல் வரியிலிருந்து படித்தார். ஐம்பது வயதிருக்கும். நிலம் அளக்கும் சர்வேயர். தொப்பி போடும் நெற்றி வெளுத்தும் அதற்குக் கீழே முகம் கறுத்தும் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், வெயிலில் அளவைக் கருவியின் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை தானாக உதற ஆரம்பித்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் நின்றும்விட்டது. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளையின் இடது பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புள்ளி. அது என்ன புள்ளி என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. புற்றாக இருக்கலாம், கிருமி கட்டிய கட்டியாக இருக்கலாம், வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். அரிசி முனையளவு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். வியாழக்கிழமை காலையில் ஊசி விட்டு எடுப்பதாக ஏற்பாடு.

"இதுல ஒம்பது வரி இருக்கும்மா. ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி கைப்பையை மேஜையில் வைத்தார். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா. கழுத்தில் அளவுநாடா தொங்கியது. கழற்ற மறந்திருக்க வேண்டும்.

"நீங்க மாட்டிக்கிட்டீங்க மேடம். இவரு பஸ் டிக்கெட் வாங்கினாக்கூடப் பின்பக்கம் படிச்சிட்டுத்தான் உட்காருவாரு."

உண்மையில் மாட்டிக்கொண்டது சர்வேயர்தான். இப்படிக் கேட்கும் ஒரு ஆளுக்காக நான் ஆறு வருடமாகக் காத்திருந்தேன்.

"மொத்தத் தொகையை நூறு பங்கா வச்சுக்குவோம். அப்பத்தான் எது பெரிசு எது சின்னதுன்னு கண்ணுக்குத் தெரியும்," என்றேன்.

"நூறுதானே? இருங்க." தையல்காரம்மா பையில் கைவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து ஓட்டை வழியாக என் மேஜையில் கொட்டினார். வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள். "மொத்தக் கடையில நூறு நூறா எண்ணித்தான் கட்டுவாங்க. ஒண்ணு குறையாது."

நான் பொத்தான்களைக் குவியல் குவியலாகப் பிரிக்க ஆரம்பித்தேன். அறுவை அரங்குக்கு முப்பது. "அரங்குன்னா வெறும் ரூம் இல்ல. காத்து வடிகட்டுற மெஷின், விளக்கு, நாலு நர்ஸ், கழுவிச் சுத்தம் பண்றவங்க எல்லாரும் இதுல வர்றாங்க." சர்ஜனுக்குப் பதினெட்டு. மயக்க மருந்து டாக்டருக்கு எட்டு. இரண்டு நாள் படுக்கைக்கு ஏழு. எடுத்த துணுக்கைச் சாயமேற்றிப் பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குப் பதினொன்று. வழிகாட்டும் இயந்திரத்துக்குப் பதினான்கு. அந்த இயந்திரத்துக்காக எடுக்கும் ஸ்கேனுக்கு ஒன்பது. ஊசிக்கு இரண்டு. அடையாளத்துக்காகத் தலையில் வைக்கும் ஒட்டு வட்டங்களுக்கு ஒன்று.

"இவ்வளவு பண்ற ஊசிக்கு ரெண்டே ரெண்டா?" என்றார் சர்வேயர்.

"ஊசி சும்மா போயிட்டு வருது. எங்க போகணும்னு சொல்றதுக்குத்தான் செலவு."

அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "எங்க தொழிலும் அதேதாம்மா. கல்லு நடறவனுக்குக் கூலி கம்மி. எங்க நடணும்னு சொல்றதுக்குத்தான் ஆபீசே நடக்குது."

"ஆபீஸ் நடக்கறது இருக்கட்டும்," என்றார் தையல்காரம்மா. "இதுல நம்ம பங்கு எவ்வளவு, அதைக் கேளுங்க."

இரண்டாவது தாளை எடுக்கும்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அது காப்பீட்டு நிறுவனத்திலிருந்து காலையில் வந்த பதில். அவர்களுடைய விதிப்படி, அனுமதித்த தொகையில் பத்தில் ஒரு பங்கைக் குடும்பம் போட வேண்டும். மீதி அவர்களுடையது. அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஸ்கேனை அவர்கள் அனுமதிக்கவில்லை. 'ஏற்கெனவே எடுத்தது' என்று ஒரு குறிப்பு.

நான் ஸ்கேன் குவியலை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். அத்தோடு முடியவில்லை. ஸ்கேன் இல்லையென்றால் வழிகாட்டும் இயந்திரத்துக்கு வேலை இல்லை. ஆகவே அந்தப் பதினான்கும் கூடவே வெட்டு. இயந்திரம் இல்லையென்றால் அதோடு போகும் ஊசிக்கும் கிடையாது. ஒட்டு வட்டம் எப்போதுமே கிடையாது. கையுறை, தொப்பி போலத் தூக்கிப் போடும் பொருள் என்று ஒதுக்கிவிடுவார்கள். இருபத்தாறு பொத்தான்கள் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டன. மீதி எழுபத்து நாலில் பத்தில் ஒன்று, ஏழும் கொஞ்சமும்.

"முப்பத்து மூணு, கூடக் கொஞ்சம்," என்றேன்.

 தையல்காரம்மா ஒரு பொத்தானுக்கு எத்தனை பணம் என்று என்னைக் கேட்டு, ரசீதின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தார்.

"எங்ககிட்ட நாப்பது இருக்கு," என்றார். "கட்டிடலாம்."

"அதுல இருபத்தெட்டு கடைக்கு," என்றார் சர்வேயர்.

அப்போதுதான் விவரம் தெரிந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே தெருவைப் பார்த்த ஒரு கடை. பதினொரு வருடமாகப் படுக்கையறை மூலையில் தைத்துச் சேர்த்த பணம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் கடைக்காரர் செல்போன் விற்பவருக்குக் கொடுத்துவிடுவார்.

"கடை போனா போகுது. தலை ஒண்ணுதானே இருக்கு."

"தலை எங்கயும் போகாது. ஊசியை ரெண்டு மாசம் தள்ளி வச்சுக்கலாம்மா. கைதான் இப்ப உதறலையே."

"தள்ளி வைப்பாராம். பள்ளத்தைப் பார்த்தா அளந்துட்டுத்தான் தாண்டுவேன்னு நிப்பாரு, தன் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க மட்டும் ரெண்டு மாசம் போகட்டும்ங்கறாரு."

"உன் கடையை வித்து என் தலையைப் பார்க்கணுமா?"

"இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள விக்கறாரு."

சர்வேயர் சிரித்தார். ஆனால் தாளை மடிக்கும் கை கெட்டியாக இருந்தது. தள்ளிவைக்கக் கூடாது என்று சர்ஜன் சொல்லியிருந்ததும், இவர் தள்ளிவைத்துவிடுவார் என்பதும் எனக்குத் தெரிந்தது. மடித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. மூணு வாரம் முன்னாடி எடுத்த ஸ்கேனும் இப்ப எடுக்கப்போற ஸ்கேனும் ஒண்ணா?"

"இல்லவே இல்ல சார். முதல்ல எடுத்தது நோயைத் தேடறதுக்கு. அதுல படம் தடிமனான துண்டு துண்டா இருக்கும். இப்ப எடுக்கறது வழி காட்டறதுக்கு. ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு துண்டு. அதோட, நாளைக்கு உங்க தலையில பத்து ஒட்டு வட்டம் ஒட்டி, அதுங்களோட சேர்த்துப் படம் எடுப்பாங்க. வியாழக்கிழமை தியேட்டர்ல ஒரு குச்சியால அந்தப் பத்தையும் ஒவ்வொண்ணா தொடுவாங்க. ரெண்டு கண்ணு வச்ச ஒரு கேமரா குச்சி எங்க இருக்குன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். படத்துல உள்ள பத்தும் தலையில உள்ள பத்தும் பொருந்திட்டா, அப்புறம் ஊசி முனை எங்க இருந்தாலும் திரையில தெரியும்."

சர்வேயர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது எல்லைக் கல்லும்மா," என்றார். "படத்துலயும் நிலத்துலயும் ஒரே கல்லு. அது இல்லாம எந்தப் படத்தை வச்சும் ஒண்ணும் பண்ண முடியாது. இவ்வளவு வித்தியாசம் இருக்கே, அவங்களுக்கு எப்படி ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சுது?"

நல்ல கேள்வி. பதிலுக்காகக் கணினியில் நான் அனுப்பிய விண்ணப்பத்தைத் திறந்தேன். பதில் அங்கேயே இருந்தது.

எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் பெயர். பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பட்டியலில் 'தலை எம்.ஆர்.ஐ.' ஒன்றுதான். இரண்டாவது கட்டம் நோக்கம். எதற்காக என்று எழுத வேண்டும். அதைக் காலியாக விட்டால் மென்பொருள் அடுத்த பக்கத்துக்குப் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பக்கத்து மேஜை அக்கா எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்: ஒரு முற்றுப்புள்ளி வை, போயிடும். அன்றிலிருந்து வைக்கிறேன். எங்கள் பிரிவில் எல்லோருமே வைக்கிறோம். ஒரே ஆள், ஒரே பெயர், முப்பது நாளுக்குள் இரண்டு ஸ்கேன், நோக்கம் ஒரு புள்ளி. மறுபக்கத்தில் இருக்கும் கணினி என்ன நினைக்கும்? ஒரே செலவை இரண்டு தரம் கேட்கிறார்கள் என்றுதான்.

மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எதிரே நூறு பொத்தான்கள் கிடந்தன.

"சார், தப்பு என்னோடது," என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டத்தைப் பார்த்தார். "புள்ளிதான் இருக்கு."

"ஆமா சார். எப்பவும் அப்படித்தான் வைப்போம்."

"என் தலையிலயும் ஒரு புள்ளி, உங்க கட்டத்துலயும் ஒரு புள்ளி," என்றார். "ரெண்டும் என்னன்னு யாருக்கும் தெரியல." தையல்காரம்மா முதலில் சிரித்தார், அடக்க முடியாமல் நானும் சிரித்தேன். பக்கத்து மேஜை அக்கா எட்டிப் பார்த்து, விஷயம் புரிந்து, சத்தமில்லாமல் தன் திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

நோக்கக் கட்டத்தில் புள்ளியை அழித்தேன். 'ஊசிக்கு வழிகாட்ட, ஒட்டு வட்டங்களுடன், ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக' என்று எழுதினேன். சர்ஜனிடமிருந்து இரண்டு வரிக் குறிப்பு வாங்கி இணைத்து, மறுபரிசீலனை கேட்டு அனுப்பினேன். வழக்கமாக இதற்கு நான்கு நாள் ஆகும். அவசரம் என்று குறித்தால் நிறுவனத்தின் டாக்டர் ஒருவர் அன்றைக்கே போனில் பேசுவார். எங்கள் சர்ஜனோடு பேசுவார் என்பதுதான் ஏற்பாடு. மூன்றரை மணிக்கு அழைப்பு வந்தபோது சர்ஜன் வேறொருவரின் முதுகெலும்போடு தியேட்டருக்குள் இருந்தார்.

"எனக்கு இன்னும் பதினஞ்சு கேஸ் இருக்கும்மா," என்றது போனில் ஒரு களைத்த குரல். "சர்ஜன் இல்லைன்னா நாளைக்குப் பேசலாம்."

நாளைக்குப் பதினொரு மணிக்கு ஒட்டு வட்டம் ஒட்ட வேண்டும். "சார், நானே சொல்றேன் சார், ரெண்டே நிமிஷம்," என்று ஸ்பீக்கரைப் போட்டேன். ஆரம்பித்தேன். தடிமனான துண்டு, மெல்லிய துண்டு என்று நான் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் குறுக்கே வந்தார்.

"அதெல்லாம் சரி. பழைய படம் நல்லாத்தானே இருக்கு? அதையே மெஷின்ல ஏத்தினா என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள், வெளியே காத்திருந்த சர்வேயர் ஓட்டை வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏத்தலாங்க. ஆனா நிலத்துல கல்லு இருக்கும், படத்துல கல்லு இருக்காது."

"யாரு பேசறது?"

"அந்தத் தலைக்குச் சொந்தக்காரன்தாங்க. சர்வேயர்."

"சொல்லுங்க," என்றது குரல்.

"ஒரு நிலத்தோட படம் உங்க கையில இருக்கு. நிலமும் கண்ணு முன்னால இருக்கு. படத்துல கிணறு தெரியுது. ஆனா நிலம் பூரா புல்லு மூடிக்கிடக்கு. எங்க தோண்டுவீங்க? படத்துலயும் நிலத்துலயும் ஒரே கல்லு நாலு இருந்தா, அதுலருந்து அளந்து கிணத்து மேலயே போய் நிப்பேன். கல்லு இல்லாத படம் அழகா இருக்கும், அவ்வளவுதாங்க. இங்க கிணறு இருக்கறது என் மண்டைக்குள்ள. குத்துமதிப்பாத் தோண்டினா எனக்குக் கொஞ்சம் கஷ்டம்."

"சரி, கல்லு ஒண்ணு நகர்ந்துட்டா?" குரலில் களைப்பு குறைந்திருந்தது.

"மத்த கல்லுங்க காட்டிக் கொடுத்துடும். ஒண்ணு மட்டும் பொருந்தாம நிக்கும். அதைத் தள்ளிட்டு மீதியை வச்சு அளக்கலாம். அதுக்குத்தான் பத்து ஒட்டறாங்கன்னு நினைக்கறேன். இல்லையாம்மா?"

"ஆமா சார்," என்றேன். அது எனக்கே அப்போதுதான் புரிந்தது.

"அப்படின்னா," என்றார் போனில் இருந்தவர், "எங்க பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டினப்ப மூலைக் கல்லை ஒரு முழம் உள்ள தள்ளிட்டார்னு எங்க வீட்டம்மா ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அதை மத்த கல்லுங்களை வச்சுக் கண்டுபிடிக்கலாமா?"

"தெருவுல மூணு கல்லு இருந்தாப் போதுங்க. அரை நாள் வேலை."

தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"ஸ்கேன் தனி நோக்கத்துக்கு, சரி. மெஷின், சரி. ஊசி, சரி. ஸ்டிக்கருக்கு மட்டும் கொடுக்க முடியாது. அது விதி."

"அந்த ஒரு பொத்தானை நாங்க போட்டுக்கறோம்," என்றார் தையல்காரம்மா.

"என்ன பொத்தான்?"

"ஒண்ணுமில்லைங்க. ரொம்ப நன்றிங்க."

போனை வைத்ததும் பொத்தான்களைத் திரும்பத் தள்ளினேன். தொண்ணூற்றொன்பதில் பத்தில் ஒன்று, அதோடு ஒட்டு வட்டத்துக்கு ஒன்று. பதினொன்று, அதிலும் துளி குறைவு. நாற்பதில் பதினொன்று போனால் இருபத்தொன்பது. கடைக்கு இருபத்தெட்டு. தையல்காரம்மா மூன்று தரம் எண்ணினார். மூன்று தரமும் ஒன்று மிஞ்சியது. அப்புறம் எல்லாவற்றையும் அள்ளிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டு, தன் கணவரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "நடங்க. முடி வெட்டணும் உங்களுக்கு."

மறுநாள் மாலை வார்டுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். சர்வேயர் மொட்டைத் தலையில் பத்து வட்டங்களோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றும் நடுவில் ஓட்டையோடு ஒரு பெரிய பொத்தான் போலவே இருந்தது. ஸ்கேன் முடிந்துவிட்டது, காலை வரை எதுவும் அசையக் கூடாது. பக்கத்தில் தையல்காரம்மா அளவுகோலோடு காவல் இருந்தார்.

"அரிக்குதும்மா," என்றார் அவர் என்னிடம் முறையிடுவது போல.

"அடுத்தவங்க கல்லை நகர்த்தினா மட்டும் வழக்குப் போடச் சொல்வீங்களே," என்றார் மனைவி. "கையைக் கீழ வைங்க."

வியாழக்கிழமை எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பென்சில் நுழையும் அளவு ஒரு துளை, அதன் வழியாக ஊசி, நாலு துணுக்கு, இரண்டு தையல். மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் கேட்ட கேள்வியைச் சர்ஜன் சிரிப்போடு ஆஸ்பத்திரி முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லோரும் என்ன நோய் என்று கேட்பார்கள். இவர் கேட்டது, "பிழை எவ்வளவு?"

"ஒரு மில்லிமீட்டருக்கு மேல துளி," என்றாராம் சர்ஜன்.

"பரவாயில்ல. நாங்க சாலைக்கு அனுமதிக்கிற பிழையை விடக் கம்மிதான்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டார்.

தையல்காரம்மா வெள்ளிக்கிழமை காலை கடைக்கு முன்பணம் கட்டிவிட்டுத்தான் வார்டுக்கு வந்தார். ஆய்வுக்கூட முடிவு அடுத்த புதன்கிழமை வந்தது. அந்த ஐந்து நாளும் அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. புதன்கிழமை இருவரும் லிஃப்டிலிருந்து இறங்கி நேராக என் ஓட்டைக்கு வந்தார்கள். தையல்காரம்மாவின் கண் சிவந்திருந்தது.

"கிருமியாம்," என்றார் சர்வேயர். "கட்டியாக் கட்டியிருக்கு. மாத்திரை சாப்பிட்டாக் கரைஞ்சுடுமாம். ஒரு வருஷம் விடாம சாப்பிடணும்."

"காலையில ரெண்டு, ராத்திரி ஒண்ணு," என்றார் தையல்காரம்மா. "மாத்திரை அட்டையோட பின்பக்கத்தைப் பூராப் படிச்சாச்சு." சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தார்.

அன்று மாலை நானும் பக்கத்து மேஜை அக்காவும் வீட்டுக்குப் போகவில்லை. முடிவு வந்து தொண்ணூறு நாள் ஆகாத விண்ணப்பங்களை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். புள்ளியால் வெட்டுப்பட்ட வரிகளைத் தேடினோம். ஏழு குடும்பம். ஏழு பேருக்கும் நோக்கத்தை எழுதி அனுப்பினோம். அடுத்த மாதத்துக்குள் ஐந்து பேருக்குப் பணம் திரும்பி வந்தது. தொண்ணூறு நாள் தாண்டியவையும் இருந்தன. அவற்றை எண்ணினோம். எண்ணிக்கையை அக்கா தன் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார், இன்னும் எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து விசைப்பலகையைத் துடைக்கத் தூக்கியபோது அடியில் ஒரு வெள்ளைப் பொத்தான் கிடந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே போனேன். கடை திறந்திருந்தது. வாசலில் ஆள் உயரக் கண்ணாடி. மிஞ்சிய அந்த ஒரு பொத்தான் பணத்தில் வாங்கியது என்று பிறகு தெரிந்தது. உள்ளே சர்வேயர் மட்டப்பலகையோடு தரையில் குனிந்து, துணி வெட்டும் மேஜையின் ஒரு காலுக்கு அட்டை செருகிக்கொண்டிருந்தார். முடி ஒரு விரல் அளவுக்கு வளர்ந்திருந்தது.

நான் பொத்தானை மேஜையில் வைத்தேன்.

தையல்காரம்மா அதையே பார்த்தார். "இதுதானா," என்றார். "போன வாரம்தான் கடைசிச் சட்டைக்கு ஒண்ணு குறைஞ்சுது. மொத்தக் கடைக்காரர்கிட்டப் போய்ச் சண்டை போட்டுட்டு வந்தேன்."

"ஒண்ணு குறையாதுன்னு சொன்னீங்க."

"குறையலையே. உங்ககிட்டத்தானே இருந்துது." அவர் ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே மேஜையைச் சுட்டினார். "என்னங்க, ஆடறது நின்னுச்சா?"

"இன்னும் ஒரு மில்லிமீட்டர்," என்றார் தரையிலிருந்து.